நெற்றியைப் பார்த்துக் கதைத்தவர்

ஒரு நெசவாளி சுகமாகிவிட்டார் என்று நாட்டு வைத்தியரான பரிசாரியார் சொன்னதால்தான் மகளோடு அவரைப் பார்க்க மருதமுனைக்குப் போனேன். என் ஆறு வயது மகள் கதைக்கமாட்டாள், யாருடைய கண்ணையும் பார்க்கமாட்டாள், நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். ஆட்டிசம் என்ற சொல் ஐம்பதுகளில் எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. சின்ன வயதில் இவளைப் போலவே இருந்த அந்த நெசவாளியைத் தானே மாற்றியதாகச் சொன்ன பரிசாரியார், மறுநாளே இவளையும் தன்னிடம் கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தார்.

மெலிந்த மனிதர். சாரமும் பனியனுமாகத் தறியில் இருந்தார். கதைக்கும்போது என் நெற்றியையே பார்த்தார்.

“தம்பி, உங்களுக்குச் சுகமாகிட்டா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்ற, காக்கா.” அண்ணனை அழைப்பதுபோல் என்னை அழைத்தார். “பரிசாரியார் கதைக்கப் பழக்கினார், அது நல்லம். ஆடினா அடிச்சார். ஆட்டத்தை விட்டுட்டன்.” தறி ஓடிக்கொண்டே இருந்தது. “கண்ணப் பார்க்க இன்னும் ஏலாது. நெத்தியப் பார்த்தா ஒருத்தருக்கும் விளங்காது.”

“அப்ப இவளை விடவா, வேணாமா?” என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் தறியையே ஓட்டிக்கொண்டிருந்தார். தறிக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்து மகள் ஆடிக்கொண்டிருந்தாள். தறியின் சத்தத்துக்குத்தான் அவள் ஆடுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் களைத்து மெதுவானாள். அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. தறியும் அவள் வேகத்துக்கு மெதுவானது.