ஹெலன் மாட்டிய டோக்கன்

பொம்மனஹள்ளி டாக்டரம்மா டெஸ்மண்டின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தினமும் நடக்கணும்" என்றபோது, அவன் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவனைப் போல முழித்தான். சர்க்கரை முந்நூற்று நாற்பது. பதினைந்து வருஷம் கோலார் தங்க வயல் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் நடந்தாயிற்று, இனி தான் நடக்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை என்பது அவன் கட்சி. சுரங்கம் மூடின பிறகு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. அங்கே நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியை இருபது வருஷம் அவன் விடவில்லை. ரிடையரானதும் அதே மாதிரி ஒன்றை வீட்டிலும் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி ஹெலன் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைன் வீட்டில் பிறந்தவள், அப்பாவும் சுரங்கத்துக்காரர். இருபத்தோரு வயதில் விடியற்காலைப் பாசஞ்சரில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வர ஆரம்பித்தவள், பிற்பாடு பொம்மனஹள்ளியிலேயே குடித்தனம் வைத்து, அங்கே ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசரானாள். அறுபது பெண்கள், அறுபது மெஷின். அவள் வாய்க்குப் பயந்து ஊசிகூட உடையாது என்று கூட வேலை பார்த்த செண்பகம் சொல்வாள். அந்த வாய் ஃபேக்டரி முடிந்து வீட்டுக்கு வந்தால் டெஸ்மண்ட் ஒருத்தனுக்கே முழுசாகக் கிடைக்கும். முப்பத்திரண்டு வருஷமாகக் கிடைக்கிறது.

ஊருக்குத் தெற்கே பஸ் போகிற தூரத்தில் ஒரு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, உள்ளே நடப்பதற்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னவளும் அந்தச் செண்பகம்தான். தெருவில் நடக்கச் சொன்னால் டெஸ்மண்ட் முதல் டீக்கடையோடு நின்றுவிடுவான். காட்டில் டீக்கடை இருக்காது. ஹெலனுக்கு அந்த ஒரு காரணம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு எலுமிச்சை சாதம் கிளறி, நாலு முட்டை அவித்து, புருஷனையும் பையையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரப் பகல் ஒரு மணி ஆனது.

கேட்டில் மஞ்சுநாத் என்ற வாட்சர் இருந்தார், கன்னடம் கலந்த தமிழ் பேசுபவர். அவருக்குப் பின்னால் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் போட்ட தகர டோக்கன்.

"ஆளுக்கு ஒரு டோக்கன் அம்மா. ஒளகே போகும்போது எடுக்கணும், வெளிய வந்ததும் அதே ஆணில மாட்டணும். அஞ்சு மணிக்குப் போர்டு பாப்போம். ஆணி காலியா இருந்தா ஆள் ஒளகே இருக்காங்கன்னு அர்த்தம், தேடிப் போவோம். சாயங்காலம் ஆனே தண்ணிக்கு வரும், அதான்."

டெஸ்மண்டின் முகம் மலர்ந்துவிட்டது. சுரங்கத்திலும் இதே ஏற்பாடுதான். கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் இறங்கும் முன் டோக்கனை எடுக்கணும், ஏறி வந்ததும் மாட்டணும். "நாங்கல்லாம் இதிலயே பொறந்து வளந்தவங்க சார்," என்று மஞ்சுநாத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இவ அப்பா இருக்காரே, அடுத்தவன் டோக்கன ஒருத்தன் தொட்டா கைய ஒடிப்பாரு. உள்ள சிக்கினவன் நம்பர மாட்டிட்டா, வெளிய வந்துட்டான்னு நெனச்சி தேடாம விட்டுருவானுங்க இல்ல."

"கதை அப்புறம் வச்சிக்க," என்று அவன் கையிலிருந்த டோக்கனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டாள் ஹெலன். "வீட்டுச் சாவிய மாசத்துக்கு ஒண்ணு தொலைக்கிற ஆளு. இருபத்தாறு என்னுது, இருபத்தேழு உன்னுது, ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்."

பாதை நன்றாகத்தான் இருந்தது. மண் பாதை, இரண்டு பக்கமும் மூங்கில், அங்கங்கே கல் பெஞ்ச். கால்சட்டை முழுக்கப் பாக்கெட் வைத்தவர்கள் இரண்டு கையிலும் கம்பு ஊன்றிக்கொண்டு, எவரெஸ்ட் பாதி ஏறிவிட்ட தோரணையில் போனார்கள். ஒரு மயிலைப் பார்த்து நாற்பது போட்டோ எடுத்தார்கள். ஹெலன் அந்த மயிலைப் பார்த்து, வாலைக் கொஞ்சம் டிரிம் பண்ணியிருக்கலாம் என்று நினைத்தாள். கையில் வேலை இல்லாமல் நடப்பது அவளுக்கே புதிது. பிடித்தும் இருந்தது. ஆனால் டெஸ்மண்ட் ஒரு பெஞ்சையும் விட்டுவைக்கவில்லை. போட்டவன் மனசு நோகக்கூடாது என்பதுபோல ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தான். சாப்பாட்டுக்கென்று உட்கார்ந்தவன் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவன் ஷூவையும் கழற்றினான்.

"யோவ், இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கீது. எழுந்திரு."

"நீ போமே. நா மெதுவா வரேன்."

"நீ எப்ப வந்த? இங்கயே குந்திக்கினு சாவு." சொல்லிவிட்டு வலது பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

நாலேகாலுக்குக் கேட்டுக்கு வந்தாள். பலகை முன்னால் கூட்டம். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "ஆன்ட்டி, சீக்கிரம்" என்றாள். ஹெலன் பையில் கையை விட்டாள், இரண்டு டோக்கனும் சேர்ந்து வந்தன, இருபத்தாறிலும் இருபத்தேழிலும் மாட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த மனுஷன் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவான் என்றுகூட அவள் நினைக்கவில்லை. ஃபேக்டரியில் முடிந்த பீஸைக் கட்டுக்கட்டாக வைக்கிற கை, இதையும் வைத்துவிட்டது. பிறகு பாத்ரூம் போய் முகம் கழுவி, வேப்பமர நிழலில் சாய்ந்தாள். காலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு. கண் செருகிவிட்டது.

கேட் இழுத்துச் சாத்துகிற சத்தத்தில்தான் விழித்தாள். ஐந்து பத்து. கார்கள் எல்லாம் போயிருந்தன. டெஸ்மண்டைக் காணோம்.

"அண்ணா, என் வூட்டுக்காரர் இன்னும் வரல."

மஞ்சுநாத் பலகையைக் காட்டினார். "எல்லா டோக்கனும் வந்தாச்சு அம்மா. ஒளகே யாரும் இல்ல. பஸ் ஸ்டாப்புல இருப்பாரு, போய்ப் பாருங்க."

ஹெலன் பலகையைப் பார்த்தாள். இருபத்தேழு ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதினால் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாம் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், அம்மா இடுப்பில் அவளும் போயிருக்கிறாள். அங்கே யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பலகையில் எந்த ஆணி காலி என்று மட்டும் பார்ப்பார்கள். அந்த அம்மாவின் பெண் தன் புருஷனின் ஆணியைத் தன் கையாலேயே மூடிவிட்டு, நிழலில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்பில் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அறுபது பேரை மேய்த்தவளுக்கு, இந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம் தப்பை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை.

"அந்த இருபத்தேழ மாட்டுனது நான்," என்றாள் கடைசியில். "அவரு உள்ளதான் இருக்காரு."

மஞ்சுநாத் கன்னடத்தில் என்னமோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தைகள் இல்லை. ஹெலனுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அவர் எடுத்த ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் போகப் போக வெளிச்சம் குறைந்தது. குளத்துப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. மஞ்சுநாத் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தார். அந்த ஐந்து நிமிஷத்தில் ஹெலன் மாதாவிடம் பேரம் பேசினாள். சிவாஜிநகர் கோயிலுக்கு ஒன்பது சனிக்கிழமை என்று ஆரம்பித்து, வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை வரை போனாள். அந்தாளையும் நடக்க வைப்பேன் என்று சேர்த்துக்கொண்டாள். பிறகு பேரம் ஓடவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. குந்திக்கினு சாவு என்று சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு பாதையும் மறுபடி சேருகிற இடத்துப் பெஞ்சில் டெஸ்மண்ட் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சைக்கிளோடு இன்னொரு வாட்சர், களைத்துப்போய் நின்றார்.

"அரை மணியா மன்றாடறேன்," என்று அவர் மஞ்சுநாத்திடம் முறையிட்டார். "போன்ல சிக்னல் இல்ல. தனியா விட்டுட்டுப் போகவும் முடியல. போர்டு ஃபுல்லு, எல்லாரும் வெளிய போயாச்சுன்னு சொல்லித்தான் நீங்க என்னைக் கடைசி ரவுண்டுக்கு அனுப்பினீங்க, அதனால இவரு மனைவியும் போயிருப்பாங்கன்னு இவருகிட்ட சொல்றேன். மனுஷன் எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. போர்டு பொய் சொல்லுதாம்."

"பின்ன?" என்றான் டெஸ்மண்ட். இடது பக்கப் பாதை குறுக்கு வழி. அதில் வந்தவன், ஹெலன் இன்னும் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்று நம்பிக் காத்திருக்கிறான். "ரெண்டு டோக்கனும் அவ பையில. நா உள்ள இருக்கசொல்ல என் நம்பர் எப்படி ஆணிக்கு வரும்? அவ சொரங்கத்துக்காரன் பொண்ணு சார். எனக்கு முன்ன வெளிய போனாலும் என் டோக்கன மாட்டவே மாட்டா. போர்டு ஃபுல்லுன்னா எவனோ தப்பா எண்ணிக்கினான், அவளும் உள்ளதான் கீறான்னு அர்த்தம். விட்டுட்டு எப்படி வர்றது?"

அப்புறம்தான் ஜீப்பிலிருந்து இறங்கியவளைப் பார்த்தான். "எங்கமே போன? ஆனை சத்தம் கேட்டுக்கினே கீது."

மஞ்சுநாத் ஹெலனைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கவில்லை, நல்ல மனுஷன்.

"நான்தான் மாட்டுனேன்," என்றாள் ஹெலன்.

"எதை?"

"ரெண்டையும்."

டெஸ்மண்ட் குனிந்து ஷூவை மாட்டத் தொடங்கினான். லேஸைக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"நா வெளிய வந்துட்டேன்னு நெனச்சிட்டியா?"

"நெனைக்கவே இல்ல," என்றாள். "ஒண்ணுமே நெனைக்கல. கை மாட்டிடுச்சி."

அவன் எழுந்தான். பின் சீட்டில் ஏறி, தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டான். ஹெலன் ஏறினாள். கேட் வரை அவள் வாய் திறக்கவில்லை. பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்ததற்கும், ஷூவைக் கழற்றியதற்கும், ஆனை வருகிற காட்டில் பிடிவாதம் பிடித்ததற்கும் ஒரு வார்த்தை இல்லை. டெஸ்மண்ட் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாம் தடவை அவள் முழங்கையை மெல்ல இடித்தான்.

"கொஞ்சம் திட்டுமே," என்றான். "பயமா கீது."