தெமோதரை ஏற்றத்தில் கேட்ட சத்தம்

எங்கள் பெரிய கிளாக்கர் ஐயா என்றதும் எனக்கு அவருடைய வலது காதுதான் நினைவுக்கு வரும். கார்க் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, முன் சக்கரத்தின் பக்கம் சாய்த்து வைத்த காது. தெமோதரைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் பதுளைக்கும் நடுவே கொஞ்ச காலம் அவர் அப்படித்தான் ஓட்டினார். எதிரே பஸ் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் கத்த வேண்டும். இன்று என் மருமகன் ஓட்டும் வானில் ஏதாவது கடகடத்தால் அவர் பாட்டை உரக்க வைத்துவிட்டுப் பேசாமல் ஓட்டுகிறார். எனக்கு அப்படி இருக்க முடிவதில்லை. யார் தலையில் பழி விழப் போகிறதோ என்று மனம் பதறத் தொடங்கிவிடுகிறது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் தோட்டத்து ஆபீசில் அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கராக இருந்தேன். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வெளிநாட்டுச் சாமான் எதுவும் இலங்கைக்குள் வராத காலம். பழுது பார்க்கக் கொடுத்த பொருள் முழுசாகத் திரும்பி வராது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் கொடுத்தவர்கள் கடையை விட்டு நகராமல் ரிப்பேர்காரரின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரேடியோ கொடுத்தவர்கள் உள்ளே இருக்கும் வால்வில் பென்சிலால் அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்திலும் ஐயா கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள், பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்; அண்ணன் என்ற பொருளில் எல்லோருக்கும் அவர் நானா. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய காரை ஐயா வேறு யாரையும் தொட விட்டதில்லை. நோன்புப் பெருநாளுக்கு நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் என்ற இனிப்பு வரும். தீபாவளிக்கு ஐயா வீட்டு முறுக்கு போகும். ஐயாவின் மனைவியை நானா தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்போம். அதிகம் பேசாதவர். ஐயாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அம்மா காரின் முன்கண்ணாடியில் ஒரு சாமி படம் ஒட்டியதற்கு, "பிரேக் புடிக்காட்டி இவரு இறங்கித் தள்ளுவாரா?" என்று கேட்டுக் கிழித்துப் போட்டவர் அவர்.

நானா முன் சக்கரங்களைக் கழற்றி பிரேக் வேலை செய்துகொடுத்துச் சில வாரங்கள் போனபின், அந்தச் சத்தம் வந்தது. வலது முன் சக்கரத்தில் டொக், டொக் என்று யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது கேட்கும். சமதரையில் வேகம் எடுத்தால் நின்றுவிடும். ஐயா பேக்டரி எஞ்சின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, "வெளிய ஒண்ணும் தெரியலீங்கய்யா" என்றார். "வெளிய இல்லேன்னா உள்ளதானே?" என்று ஐயா என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் விஷம் உள்ளே போனது.

காரைப் பதுளைக்குக் கொண்டுபோனோம். நானா நேர்ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. "வேலை கெடக்கு ஐயா. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, கழட்டிப் பாக்குறேன்" என்றார். ஐயா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தெமோதரை ஏற்றத்தில் டொக் டொக் தொடங்கியதும் வெடித்தார். "விட்டுட்டுப் போகணுமாம் தம்பி! மிச்சம் இருக்கிறதையும் கழட்டவா? என்னோட நல்ல பெயாரிங்க எடுத்துட்டு, எவனோ தேச்சுத் தள்ளினதப் போட்டிருக்காரு."

அதன்பின் பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. அந்த வருடம் வட்டிலப்பம் வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரத்தில் வந்தது ஏன்? நானாவின் சொந்த வான் பூனை மாதிரிப் போகிறதே, அதற்கு எங்கேயிருந்து சாமான் கிடைத்தது? ஆபீசில் கணக்குக் கூட்டிக்கொண்டிருப்பவர் திடீரென்று பேனாவை வைத்துவிட்டு இப்படி ஏதாவது கேட்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சந்தேகப்படுகிற மனுஷனுக்குப் பக்கத்தில் இருந்தால் நமக்கும் மூக்கு நீண்டுவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் வாங்க அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனோம். ஐயா கடைவீதியில் நிறுத்தவில்லை. நேராகக் கராஜ் வாசலுக்கு விட்டார். ஞாயிறு என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டத்து உத்தியோகத்தர்கள் கார்களோடும் மோட்டார் சைக்கிள்களோடும் நின்றிருந்தார்கள். நானாவின் பிழைப்பே அவர்கள்தான். அத்தனை பேர் முன்னால் ஐயா இறங்கி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் கேட்டார். "நானா, என்னோட பெயாரிங் இப்ப யாரு காருல ஓடுது?"

நானா சிரிக்கப் பார்த்தார். ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. "என்ன பேச்சு ஐயா இது? இப்பவே கழட்டிக் காட்டுறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தார். "தொடாதீங்க! அதையும் மாத்திப் போடவா?" என்று ஐயா குறுக்கே நின்றார். கூட்டத்தில் ஒருவர் மெதுவாகப் போய்த் தன் காரின் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொருவர், "என் வண்டியும் போன மாசம் இங்கதானே இருந்துச்சு" என்றார். நானா அவர்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் ஒரு மனிதனின் பெயர் எப்படி உதிர்ந்துபோகிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

அப்போது காரின் பின்கதவு திறந்தது. அம்மா இறங்கி வந்தார். ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை.

"நானா, அந்த மூடியக் கழட்டுங்க. உள்ள இருக்கிறத நான்தான் வச்சேன்."

குறுக்கே நின்ற ஐயா விலகினார். சக்கரத்தின் நடுவில் கவிழ்த்திருந்த தகட்டு மூடியை நானா நெம்பினார். அது கழன்று விழ, உள்ளேயிருந்து கறுத்துச் சுருங்கிக் கல்லாகிப் போன ஒரு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், உருண்டு வந்தது. குங்குமம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

எங்கள் தோட்டங்களில் பேக்டரி ரோதைகளை, அதாவது எந்திரச் சக்கரங்களை, காக்க ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. பிரேக் வேலை முடிந்த பிறகு வந்த ஆயுத பூசையன்று அவருக்கு வைத்துக் கும்பிட்ட தேசிக்காயை, கார்ச் சக்கரமும் ரோதைதானே என்று, எஞ்சின்காரரைக் கொண்டு அம்மா இரகசியமாக உள்ளே வைத்திருக்கிறார். பச்சையாக இருக்கும்வரை அது இறுகிக் கிடந்தது. காய்ந்து சிறுத்ததும் உருளத் தொடங்கியது; சக்கரம் வேகமாகச் சுழன்றால் மட்டும் மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சுற்றியது. அடுத்த பூசைவரை அதை எடுக்கக் கூடாது என்பதால் எஞ்சின்காரர் தெரிந்தும் தெரியாதது போல மூடியைத் தொடாமலே போயிருக்கிறார்.

"என் தம்பி ஹல்துமுல்லை வளைவுல லொறியோட உருண்டு செத்துப் போனான். இவரு கார எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு சோறு இறங்காது நானா. இதனால நீங்க பழி சுமப்பீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார் அம்மா.

யாரோ சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, தேசிக்காயைச் சுற்றி, ஆடாதபடி உள்ளே செருகி மூடியைத் தட்டிப் பூட்டினார். "இனிச் சத்தம் வராது தங்கச்சி" என்றார். பிறகு ஐயாவின் முகத்தைப் பார்க்காமலே, "இது தங்கச்சிக்காகச் செஞ்சது. ஒங்கட கார் இனி இந்த வாசலுக்கு வர வாணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாமான் எதுவும் வாங்காமல் திரும்பினோம். தெமோதரை ஏற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாதி வழியில் ஐயா காரை ஓரங்கட்டி நிறுத்தினார். எனக்கு அவர்மீது கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"நாளைக்கு நான் தனியாப் போயி, நானாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்" என்றார்.

"தனியாவா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார். "பழி சொன்னப்ப அத்தனை பேரு இருந்தாங்களே."

ஐயா காரைக் கிளப்பித் தோட்டத்துப் பக்கமே ஓட்டினார். அதற்குப் பிறகு சின்னப் பழுதென்றாலும் அந்தக் கார் பதுளையை விட்டு, எதிர்த்திசையில் இருந்த பண்டாரவளைக் கராஜுக்குத்தான் போனது.