பேட்டரி உட்கார்ந்த கதை

"பேட்டரி உட்கார்ந்துடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பொருள் செயலிழந்தால் இந்திக்காரர்கள் 'பைட் கயீ', அதாவது உட்கார்ந்துவிட்டது, என்று சொல்வதைப் புனே தமிழர்கள் அப்படியே தூக்கித் தமிழில் வைத்துக்கொண்டார்கள். எங்கள் நிக்டி காலனியில் பேட்டரி உட்காரும், தொண்டை உட்காரும், மிக்ஸிகூட உட்காரும். ஏன் உட்கார்ந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

என் மோட்டார்சைக்கிளின் பேட்டரி மூன்று மாதத்தில் இரண்டு முறை உட்கார்ந்தது. இரண்டு முறையும் மெக்கானிக் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். நான் ஊரின் மறுகோடியில், ஹடப்சரில் ஒரு தொழிற்சாலையில், வண்டிகளுக்குள் போகிற வயர்க் கட்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு குடித்தனம் நடத்துகிறவள். அது அவனுக்கும் தெரியும். இருந்தும் நான் கேட்கிற கேள்விக்கு என் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். "சாப், பேட்டரி பைட் கயீ." இவரும் ஏதோ பெரிய ரகசியத்தைக் கேட்டதுபோலத் தலையாட்டுவார். இவர் வங்கி அதிகாரி. டார்ச்சில் செல்லைத் தலைகீழாகப் போட்டுவிட்டு டார்ச்சே கெட்டுவிட்டது என்று சொல்கிற ரகம்.

இரண்டாவது புதுப் பேட்டரியும் ஒரு ஜனவரி காலையில் ஹடப்சர் சிக்னலில் கைவிட்டது. பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்க, நான் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினேன். அன்று சாயங்காலம் இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போதும். இந்த வண்டி உனக்கு ராசியில்ல. எங்க பிராஞ்ச்ல நம்ம தமிழ்க்காரர் ஒருத்தர் செகண்ட் ஹேண்ட் தேடிட்டிருக்கார். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லிட்டேன். நீ கம்பெனி பஸ்ல போ."

கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னால் கிளம்பி, ஊரிலுள்ள தெருவையெல்லாம் சுற்றி, இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். வண்டியில் போனால் நாளுக்கு இரண்டு மணி நேரம் எனக்கு மிச்சம். யாரிடமும் கேட்காமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப முடிகிறது என்றால் அந்த வண்டியால்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரை எடுத்துக்கொண்டு பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். இவர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறே? அதான் மெக்கானிக் பாத்துட்டானே."

"அவன் எங்க பாத்தான்? மாத்தினான்."

முதலில் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினேன். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பேட்டரி முனையில் பதினான்கு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும். பன்னிரண்டைத் தாண்டவில்லை. அதாவது பேட்டரிக்குச் சாப்பாடே போகவில்லை. பட்டினி போட்டுவிட்டு, செத்துவிட்டது என்று இரண்டு பேட்டரியைத் தூக்கிப்போட்டிருக்கிறோம். அந்த மெக்கானிக் ஒரு நிமிடம் மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்ப்பதற்கு அவனிடம் மீட்டரும் இல்லை, வெட்கமும் இல்லை.

எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் கம்பிச்சுருள் ஒழுங்காக இருந்தது. அந்தக் கரண்டைச் சீராக்கி அனுப்பும் ரெகுலேட்டரின் வாயில் மீட்டர் பதினான்கு காட்டியது. பேட்டரிக்கு வந்து சேரும்போது பன்னிரண்டு. நடுவில் இருப்பது ஒரு சாண் வயர், அதை இணைக்கும் ஒரு பிளாஸ்டிக் கப்ளர், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கப்ளரைப் பிடித்து இழுத்தேன். லேசில் வரவில்லை. பிடுங்கிப் பார்த்தால், உள்ளே இருந்த உலோகப் பின்களைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அதன் நடுவே துளி குங்குமம் வேறு.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆளும் பக்கத்திலேயே நிற்கிறார், சாட்சியும் கையிலேயே இருக்கிறது.

"ஆயுத பூஜைக்கு நீங்க வச்ச பொட்டு! பேங்க்ல லாக்கர் சாவித் துவாரத்துலயும் இப்படித்தான் அப்பிட்டு வருவீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். கோபப்படவே இல்லை.

"நீதானே வைக்கச் சொன்னே?"

சொன்னேன்தான். அன்று வண்டியைக் கழுவிவிட்டு, தண்ணீர் போயிருக்குமே என்று நான்தான் கப்ளரைக் கழற்றி வெயிலில் காயவிட்டிருந்தேன். இவர் சந்தனக் கிண்ணத்தோடு ஹேண்டில், ஹெட்லைட், டயர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். "இதுக்கும் வைக்கணுமா?" என்று கேட்டார். "அதை மட்டும் விட்டுடாதீங்க, கோவிச்சுக்கப் போகுது! உள்ள நல்லா வைங்க" என்று சொல்லிவிட்டுக் கற்பூரம் எடுக்க மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கப்ளர் மாட்டியிருந்தது. அட, இதையாவது தானாக மாட்டத் தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

என் கேலி அவருக்குப் புரியாது. கல்யாணமான வருடமே தெரிந்த விஷயம் இது. நான் சொன்னால், சொன்னபடி செய்துவிடுவார். அதைத்தான் பதினாலு வருடமாகப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

 ஊசியால் சுரண்டி, உப்புத்தாள் துண்டால் பின்களைத் தேய்த்து, கப்ளரை மாட்டி, மறுபடி எஞ்சினைக் கிளப்பினேன். மீட்டர் பதினான்கைத் தொட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து வண்டியை வாங்க வந்தவர் காலனி கேட்டுக்குள் நுழைந்தார்.

"என்ன சொல்ல?" என்று இவர் என்னிடம் கேட்டார்.

"விக்கலைன்னு சொல்லுங்க."

போய் அப்படியே சொன்னார். வந்தவருக்கு ஏமாற்றம். "அப்படி என்னதான் சார் கோளாறு?" என்று விடாமல் கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் சந்தனத் தூள் இருந்தது.

"ஒண்ணுமில்ல சார், பேட்டரி உட்கார்ந்துடுச்சு" என்றார்.

நான் திருத்தவில்லை.