அம்மா உடைத்த சுவர்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் அம்மா ஒரு சுவரை உடைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது; அம்மாவின் மேல் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள். கடைசி அறை எங்களுடையது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் கொத்தனார். அம்மாவும் அவரோடு சித்தாள் வேலைக்குப் போனவள்தான். தம்பி பிறந்த பிறகு வீட்டோடு இருந்தாள். அறைக்கு ஒரு கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. சமையல், தூக்கம், என் வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள்ளேதான். கிருஷ்ணாயில் ஸ்டவ்வைப் பற்றவைத்தால் புகை போக வழியில்லாமல் எங்களோடேயே இருந்துவிடும். ஒரு வயதுத் தம்பிக்கு இழுப்பு. டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "கொழந்தைய நல்லா காத்தோட்டமா வெச்சுக்கோங்க" என்றார். எங்கே போய் வைத்துக்கொள்வது என்று எழுதித் தரவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓனரின் தோட்டம். சாயங்காலம் கடற்காற்றில் தென்னை மட்டைகள் ஆடும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். காற்று மட்டும் வராது. நைனா அப்போது அடையாற்றில் ஒரு பங்களா கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கார் நிறுத்தும் அறைக்கே இரண்டு பக்கமும் ஜன்னல் என்று அவர் சொன்னபோது, அம்மா சோறு போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

ஓனரிடம் அவள் மூன்று முறை கேட்டாள்.

"ஜன்னல் வெச்சா உங்க பொகையெல்லாம் என் தோட்டத்துக்கு வந்துடுமேம்மா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

ஒரு நாள் மத்தியானம் தம்பிக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, விசிறி, முதுகைத் தடவி, மூச்சு திரும்பிய பிறகு அம்மா அவனை என் மடியில் கிடத்தினாள். உள்ளே போய் நைனாவின் பழைய உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். தூசி அடங்கியபோது சோற்றுத்தட்டு அளவுக்கு வானம் தெரிந்தது. காற்று உள்ளே வந்தது. அன்று சாயங்காலம் தம்பி இழுப்பில்லாமல் தூங்கினான்.

சத்தம் கேட்டு வந்த ஓனர், நைனா வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மறுபடி வந்தார்.

"நீயே கொத்தனார்தானே. காலையில இத அடைச்சுடு. இல்லேன்னா மாசக் கடைசியில காலி பண்ணு."

நைனா அந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"என்னால ஆவாது சார். ஒரு தபா கட்னதே போதும்."

"அப்ப காலி பண்ணு."

"பண்ணிடறோம்."

அம்மா குறுக்கே வந்தாள். "அவராண்ட இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வந்து சாப்டு."

எனக்கு நைனாவின் மேல்தான் ஆத்திரம். அம்மா சுவரையே உடைத்திருக்கிறாள். இவரோ சார் போட்டுப் பேசிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட உட்காருகிறார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மாசக் கடைசியில் ஆதம்பாக்கத்தில் இதைவிடச் சின்ன அறைக்குப் போனோம். அதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. நாங்கள் சாமான் ஏற்றும்போதே வேறொரு கொத்தனார் பின்பக்கம் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

நைனா சொன்ன 'ஒரு தபா' எனக்கு அன்று விளங்கவில்லை. நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னாள்: கல்யாணத்துக்கு முன்பு அந்த ஆறு அறைகளையும் கட்டியது நைனாதான். இதுக்கெல்லாம் ஜன்னல் எதற்கு என்று ஓனர் கேட்டபோது, சரி சார் என்று சுவரை எழுப்பியிருக்கிறார். உள்ளே யார் குடியிருக்கப்போகிறார்கள் என்று அவரும் அப்போது கேட்கவில்லையாம்.