ஆறு மணிப் பெரட்டும் அப்பாவின் இழுப்பும்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மூடுபனி விலகியது. எல்லாம் கெட்டது அப்போதுதான்.

இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்தப் பனிக்காலத்தில் எட்டு மணிவரை பனி நகராது. அதை நம்பித்தான் நாங்கள் இரண்டு மாதமாகத் தோட்டத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். ஏமாற்றினோம் என்றே எழுதுகிறேன். வருந்தி எழுதவில்லை.

என் அப்பாவுக்குப் பத்து வருடமாக இழுப்பு. விடியற்காலைக் குளிரில் நெஞ்சு கீச்சிடும். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயில் ஏறியதும் அதே மனிதர் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தேயிலைச் செடியை வெட்ட ஆரம்பித்தால், வாலிபர்கள் பின்தங்கிவிடுவார்கள். ஆனால் தோட்டத்தில் நாள் தொடங்குவது ஆறு மணிப் பெரட்டில். வரிசையில் நின்று, பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனுக்கு அன்று வேலை இல்லை. அடிக்கடி கொடுக்காத கிழவனைச் சீக்காளி என்று பேர் வெட்டி, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அப்பாவுக்கு ஒருவரும் இல்லை. இங்கே நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்: தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நானும், பதுளைக்கு வேலை தேடிப் போய்வந்துகொண்டிருந்த என் ஒரே மகனும்.

ஆகவே மகன் தாத்தாவின் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பனிக்குள் நின்று அவர் பேருக்குக் குரல் கொடுப்பான். எட்டு மணிவரை அவனே வெட்டுவான். பிறகு அப்பா மெல்ல மலையேறி வந்து கத்தியை வாங்கிக்கொள்வார். யோசனை என்னுடையது.

அன்று காற்று வந்து பனியைத் துடைத்துக்கொண்டு போனது. பெரட்டுக் களத்தை ஒட்டிய பள்ளிக்கூட வாசலில் நின்ற எனக்குக் கம்பளிக்குக் கீழே மகனின் இளங்கால்கள் தெரிந்தன. பேர் கூப்பிடும் கங்காணிக்கும் தெரிந்தன.

"என்னங்க பெரியவரே, ராத்திரியில காலு வளந்திருச்சா?"

வரிசையில் ஒருத்தி, "இழுப்புக்கு என்ன மருந்துன்னு கேளுங்க கங்காணி, எம் புருசனுக்கும் வேணும்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிரிக்கவில்லை. கம்பளியை எடுக்கச் சொன்னார்.

நான் ஓடினேன். "நான்தாங்க அனுப்புனேன். அவன் மேல குத்தமில்லைங்க."

"வாத்தியாரம்மா, புள்ளைங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறீங்களா?" என்றார் கங்காணி.

"ஆமாங்க. பெத்தவங்களக் கைவிடாதேன்னுதான் சொல்லிக்கொடுக்கிறேன்."

துரை பேர்ப் புத்தகத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கங்காணி என் முகத்தைப் பார்க்காமல், "கெழவன் பேரை வெட்டச் சொல்றாரு. பேரனும் தோட்டத்த விட்டுப் போகணுமாம்" என்றார்.

"நான் போறேன். தாத்தா பேரு இருக்கட்டும்" என்றான் மகன்.

அவன் பேசி முடிக்குமுன்பே அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து வரும் பாதையில் அப்பா வந்துகொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார், நிற்பார். கையைப் பிடிக்கப் போனேன்; தட்டிவிட்டார். துரை உட்பட அத்தனை பேரும் காத்து நின்றார்கள். அப்பா வரிசையில் தன் இடத்துக்குப் போய், பேரன் கையிலிருந்த கத்தியை வாங்கினார். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று.

"எம் பேரைக் கூப்பிடுங்க கங்காணி" என்றார். "மூச்சு வாங்கிக்கிட்டுக் குரல் குடுக்கிறேன். அதுவரைக்கும் நில்லுங்க. இந்தத் தோட்டத்துக்காக நான் நாப்பது வருசம் நின்னிருக்கேன்."