லோர்னாவின் திரை நிமிர்ந்த வாரம்

லோர்னா ஹாஸ்கின்ஸ் பிடிவாதக்காரி. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று, அவளிடம் பதினோரு வருஷம் படம் ஓட்டிய எனக்கே இன்னும் தீர்மானமாகத் தெரியாது. கணவன் இறந்தபோது, காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற அந்த டிரைவ்-இன் தியேட்டரை விற்றுவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. டிக்கெட் கொடுப்பது, சோளம் பொரிப்பது, கார் டிக்கியில் ஒளிந்து வருகிறவர்களைக் காதைப் பிடித்து இறக்குவது, எல்லாம் அவளே செய்தாள்.

எங்கள் திரைக்குப் பின்னால் அட்லீ கெய்மின் பண்ணை. பழைய காலத்து முறைப்படியே வாழ்கிற ஆமிஷ் கிறிஸ்தவச் சபைக்காரர். வீட்டில் மின்சாரமும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது. மாட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டுமென்றால் எங்கள் டிக்கெட் கூண்டுக்கு வந்து பேசுவார். அவர் மனைவி ஃபேனிக்குப் பல்வலி வந்தால் லோர்னாதான் காரில் அழைத்துப் போவாள். பதிலுக்கு முட்டையும் ரொட்டியும் வரும். படத்தைப் பற்றி மட்டும் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அவர்கள் சபையில் சினிமா ஆகாது. மாலையில் மாடு ஓட்டி வரும்போதுகூட அட்லீ எங்கள் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார்.

1958 ஜூன் கடைசியில் அடித்த சூறைக்காற்று திரையைப் பெயர்த்து எங்கள் முதல் வரிசையின் மேல் சாய்த்தது. மறுநாளே கிளீவ்லாந்திலிருந்து படக் கம்பெனிக்காரர் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமை ஜூலை நாலு, சுதந்திர தின விடுமுறை. அன்றைக்குத் திரை நிற்காவிட்டால் அந்தக் கோடையின் படங்கள் எல்லாம் பக்கத்து மாவட்டத்துப் புதுத் தியேட்டருக்குப் போய்விடும். கோடையை இழந்தால் எங்களுக்கு வருஷமே இல்லை. லோர்னா பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். டவுன் தச்சர்கள் மூன்று வாரம் கேட்டார்கள்.

அன்று மாலை அட்லீ வந்து, முறிந்த கம்பங்களைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"சுவர் விழுந்துடுச்சு," என்றார்.

"சுவர் இல்ல அட்லீ, திரை."

"எனக்குச் சுவர்தான்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் தங்கள் சபைப் பெரியவரிடம் போயிருக்கிறார். அண்டைவீட்டாரின் விழுந்த சுவரை எழுப்பித் தருவதில் குற்றமில்லை, வெள்ளை அடிப்பதும் அதற்கு மேல் நடப்பதும் லோர்னாவின் பொறுப்பு என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை விடியும்போது குதிரை வண்டிகள் வரிசையாக வந்தன. அறுபது பேர் இருக்கும். ஊர் கூடி ஒரே நாளில் தொழுவக் கொட்டகை எழுப்புகிற பழக்கத்தில் அவரவர் வேலை அவரவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை. நண்பகலுக்குள் சட்டங்கள் நிமிர்ந்துவிட்டன. லோர்னாவும் நானும் பெயின்ட் வாங்க டவுனுக்குப் போய், மூன்று மணிக்குத் திரும்பினோம்.

சுவர் முடிந்திருந்தது. இழைத்த பலகைகள் இடைவெளி தெரியாமல் பொருந்தியிருந்தன. ஆனால் எல்லாம் அட்லீயின் பண்ணைப் பக்கம். கார்கள் நிற்கும் பக்கம் தூணும் குறுக்குச் சட்டமும் முட்டுக்கட்டையுமாக, கொட்டகையின் உட்புறம் போல இருந்தது. அவர்கள் கணக்கில் ஆட்கள் கூடுகிற இடம் உள்பக்கம். பலகையை வெளிப்பக்கம்தான் அடிப்பார்கள். படம் எந்தப் பக்கம் விழும் என்று கேட்பது அவர்களுக்குத் தகாது. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் வீட்டுப் பெண்கள் போட்டிருந்த சாப்பாட்டு மேசைகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கூலி வாங்காமல் உழைத்தவர்களிடம் எப்படிச் சொல்வது, படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கட்டிச் சமாளிக்கலாம் என்று நான் லோர்னாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் நேரே அட்லீயிடம் போனாள்.

"அட்லீ, பலகை எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."

"ஆமா. மழை அந்தப் பக்கத்துலேருந்துதானே வரும்?"

"படம் இந்தப் பக்கம் விழணும்."

ஒரு முதியவர் தங்கள் ஜெர்மன் பேச்சில் ஏதோ சொல்ல, சிரிப்பு மேசையின் அந்தக் கோடிவரை ஓடியது. என்னவென்று ஃபேனியைக் கேட்டேன்.

"நம்ம மாடுங்களுக்குப் படம் காட்டப் பாத்தியா அட்லீன்னு கேக்கறாரு."

அட்லீ மட்டும் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அந்தப் பக்கம் ஒண்ணுதான்," என்றார். "அதுதான் முகம்னு நெனச்சுட்டேன்."

"நானும் சொல்லியிருக்கணும்," என்றாள் லோர்னா.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுத்தியலை எடுத்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

பால் கறக்கும் நேரம் நெருங்கியதால் பாதிப் பேர் போக வேண்டியிருந்தது. அவர்கள் இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். ஆணிகளைப் பிடுங்கி, வளைந்தவற்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள். பலகைகள் தூண்களுக்கு நடுவே கைமாறிக் கைமாறி எங்கள் பக்கம் வந்தன. லோர்னாவும் ஏணியில் ஏறிவிட்டாள்.

"இறங்குங்க லோர்னா," என்றார் அட்லீ கீழிருந்து. "விழுந்தா உங்களையும் நாங்கதான் தூக்கி நிறுத்தணும்."

அவள் இறங்கவில்லை. சூரியன் மறையுமுன் கடைசிப் பலகையை அடித்தது அவள்தான்.

புதனும் வியாழனும் வெள்ளை அடித்தோம். வெள்ளிக்கிழமை மாலை கம்பெனிக்காரர் படப்பெட்டிகளைத் திருப்பி எடுத்துப் போக வேனுடன் வந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். எந்தக் கம்பெனி கட்டியது என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க," என்றாள் லோர்னா.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் ரீலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

"தாராளமா பாருங்க. டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள போங்க."

வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் கார் வரிசை பாலத்தைத் தாண்டி நின்றது. புரொஜெக்டர் விளக்கைப் போட்டேன். அவ்வளவு பெரிய வெள்ளையில் ஒரு பலகையின் விளிம்புகூடத் தெரியவில்லை. எல்லாக் கார்களும் ஒன்றாக ஹாரன் அடித்தன. முதல் ரீல் முடிந்ததும் அவர் கூண்டுக்கு வந்து, கோடை முழுவதுக்குமான பட ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

லோர்னா அதை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, அந்த வருஷம் ஒரு தடவைகூட வெளியே வராத 'இடம் இல்லை' அட்டையைத் தேடி எடுத்து, வாசல் கம்பத்தில் தன் கையாலேயே நாலு ஆணி வைத்து அடித்தாள். ஒன்றே போதுமாயிருந்தது.