தகரப் பெட்டியில் விழுந்த சீட்டுகள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. அன்று தலைதெறிக்க ஓடியவள் நான்தான்.

தேசிய நூலகத்தின் நிலவறையில் எனக்கு வேலை. நாட்டில் எது அச்சானாலும் ஒரு பிரதி எங்களிடம் இருந்தாக வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றைக் கழித்துவிடலாம். ஆனால் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் கழிக்க வேண்டும். நான் பட்டியலில் இரண்டு அட்டை இருப்பதை மட்டும் பார்த்தேன். பழைய வெள்ளம் ஒன்றைப் பற்றிய மெல்லிய புத்தகம். 'இதை யார் படிக்கப்போகிறார்கள்' என்று, திறந்துகூடப் பார்க்காமல் கழிவு மூட்டையில் போட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அன்று வாசகர்களுக்கு விடுமுறை. மேலே படிப்பறை பூட்டியிருந்தது. கழிவு லாரி நான்கு மணிக்குக் கிளம்பும். நேரே காகித ஆலைக்குப் போகும். அங்கே எல்லாம் கூழ்தான்.

பிற்பகல் 3:12. டங்...

வாசகர்கள் புத்தகம் கேட்டு எழுதும் சீட்டு, மேலிருந்து குழாய் வழியாக வந்து என் மேசையருகே தகரப் பெட்டியில் விழும். அந்தச் சத்தம். எடுத்தேன். அதே வெள்ளப் புத்தகம். கேட்டவர், ஒரு பெண். சீட்டு ஈரமாக இருந்தது.

மேற்பார்வை பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, படிப்பறைய திறந்தீங்களா?"

"சாவி என் பையிலதான்டி இருக்கு. ஏன்?"

"சீட்டு வருதுக்கா..."

"பட்டப்பகல்ல கனவா? போய் மூஞ்சியக் கழுவு!" வைத்துவிட்டாள்.

3:25. டங்... அதே புத்தகம். வேறு கையெழுத்து. ஓர் ஆணின் பெயர்.

இன்னொரு பிரதிதான் இருக்கிறதே என்று அலமாரிக்கு ஓடினேன். புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. இல்லாத புத்தகத்துக்குப் பதிலாக நாங்கள் வைப்பது. அதில் ஒட்டியிருந்த தாளில் பழைய மையில்: 'கரையான் அரித்துவிட்டது. இனி இருப்பது ஒரே பிரதி.'

அந்த ஒன்று... மூட்டையில்.

3:52. டங்...

குழந்தைக் கையெழுத்து. கோணல் எழுத்தில் ஒரு பெயர். பக்கத்தில் 'சீக்கிரம்'.

ஓடினேன்.

3:57. லாரி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! மூட்டைய இறக்குங்க!"

"எதம்மா? முப்பது இருக்கு."

"எல்லாத்தையும்!"

பதினோராவது மூட்டையில் கிடைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து திறந்தேன். உள்ளே வெறும் பெயர்கள். வெள்ளம் கொண்டுபோனவர்களின் பெயர்கள். உடல்கள் கிடைக்கவில்லை, இவர்கள் வாழ்ந்ததற்கு வேறு பதிவே இல்லை என்றது முன்னுரை. மொத்தம் 214 பேர்.

அந்தப் பெண், ஆறாம் பக்கத்தில். அந்த ஆண், ஒன்பதில்.

குழந்தை... கடைசிப் பக்கத்தில்.

நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை, சீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று பிளம்பர் வந்து கழற்றினார். உள்ளே அடைத்துக்கொண்டு, சொதசொதவென்று ஒரு கட்டுச் சீட்டு. அக்கா சிரிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து எண்ணினோம்.

இருநூற்றுப் பதினொன்று.